செக்ரோலில் இருந்து பேர் எடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சப்ரகமுவத் தோட்டங்களில் வேலை முடிந்து வீட்டோடு இருக்கும் அம்மாக்களே, அப்பாக்களே, அக்கா அண்ணன்மாரே,

எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய தொடங்கி இரத்தினபுரி, பலாங்கொடை, காவத்தை, இறக்குவானை வரை எங்கெல்லாம் லயம் இருக்கிறதோ அங்கெல்லாம் உள்ள உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு வாசிக்கக் கண் எடுக்காது என்று தெரியும். பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை, நீ சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசி. பாட்டி நடுவில் எழுந்து போனால் கோபப்படாதே. அவர் எழுந்து நடக்க வேண்டும் என்றுதான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அறுபதை ஒட்டி உங்கள் பேரைச் செக்ரோலில் இருந்து எடுத்தார்கள். ஈபிஎப் பாரம் நிரப்பினீர்கள், சேவைக்காலப் பணத்துக்கு அலைந்தீர்கள். வந்த காசில் மகனின் த்ரீவீலருக்கு முற்பணம், மகளுக்கு ஒரு சோடித் தோடு, கூரைக்கு நாலு தகரம். மிச்சம் மருந்துக்குப் போனது. அதற்குப் பிறகு இஸ்தோப்பில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. பிள்ளைகள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள், "ஒழைச்சது போதும், சும்மா ஒக்காருங்கம்மா" என்று. நீங்களும் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தக் கதிரையோடுதான் எனக்கு வழக்கு.

முதல் வருடம் ஒன்றும் தெரிவதில்லை. அடுத்த வருடம் எழும்பும்போது கதிரையின் கையைப் பிடிக்கிறீர்கள். பிறகு தொடையில் கை ஊன்றுகிறீர்கள். அதற்கும் பிறகு "முருகா" என்று ஒரு கூப்பாடு, பேரனின் தோள். லயத்துக்குப் பின்னால் கக்கூசுக்கு இறங்கும் படியை நினைத்து, பின்னேரம் நாலு மணிக்கு மேல் தண்ணி குடிப்பதையே நிறுத்திவிடுகிறீர்கள். இதை ஒருத்தர் இரண்டு பேர் சொல்லவில்லை. நான் பேசிய அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் கூச்சத்தோடு ஒத்துக்கொண்டார்கள். பீலிக்குப் போவது நிற்கிறது. கோவிலுக்குப் போவது நிற்கிறது. பக்கத்து டிவிசனில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்குப் போவதும் நிற்கிறது. கேட்டால் "வயசாயிருச்சு டீச்சர்" என்கிறீர்கள். வயதுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. கதிரைக்கு உள்ள பங்கை மட்டும் யாரும் பேசுவதில்லை.

உடனே நீங்கள் என்ன கேட்பீர்கள் என்றும் தெரியும். "நாங்க ஒழைக்காத ஒழைப்பா? இனி என்னத்துக்கு எங்களுக்கு எக்சர்சைஸ்?"

நியாயமான கேள்வி. என் அப்பா றப்பர் பால் வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். விடியக் கருக்கலில் பெரட்டுக்கு ஓடி, மலையேறி, படங்கைச் சுற்றிக் கட்டி, அட்டைக்கடியோடு நின்று, கிலோ குறைந்தால் அரைப்பேர் என்ற பயத்தோடு பறித்த கை யாருடையது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. றப்பர் மலையில் இருட்டோடு மரத்துக்கு மரம் ஓடி, சிரட்டை சிரட்டையாகப் பால் ஊற்றி, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கிய கால்களையும் தெரியும். அதற்கும் மேல், 1977இலும் 1981இலும் இனக்கலவரத்தில் இந்த மாகாணத்தில் தீ வைத்தபோது பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் மலையில் பதுங்கியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனால் தோட்ட வேலை ஒரு சில அசைவுகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. குனிந்த முதுகு, முன்னால் நீண்ட கை, தலையில் இழுக்கும் கூடைக்கயிறு, சுமையோடு இறக்கத்தில் அடி வாங்கிய முழங்கால். கழுத்தும் முதுகும் முழங்காலும் தேய்ந்தது அந்த வேலையால்தான். அந்த வலி பொய்யில்லை. ஆனால் வேலை செய்த காலத்தில் கால்களில் இருந்த பலமும் நிஜம்தானே. பேர் எடுத்த அன்றைக்கு அந்தப் பலத்துக்கு இருந்த ஒரே காரணம் நின்றுபோனது. வலி மட்டும் உங்களோடு வீட்டுக்கு வந்தது.

ஈபிஎப்பில் போட்ட காசு நீங்கள் வேலையை விட்டாலும் வட்டியோடு இருக்கும். தசைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. நாற்பது வருடம் மலை ஏறியதற்காக ஒரு மாதம்கூட அது உங்களுக்குக் கடன் தராது. 2007இல் அமெரிக்க வைத்தியர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சராசரியாக 67 வயது, நோய் நொடி இல்லாதவர்கள், பத்தே நாள் கட்டிலில் படுக்க வைக்கப்பட்டார்கள். பத்து நாளில் அவர்களின் கால்களில் இருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. சிக்குன்குன்யாவோ டெங்குவோ வந்து இரண்டு கிழமை படுத்தெழும்பிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காய்ச்சல் போய்விட்டது, கால் மட்டும் திரும்பி வரவில்லை என்று சொன்னீர்களே, அதுதான் இது.

எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, அதை இங்கேயே கொட்டிவிடுகிறேன். வேலை செய்த காலம் முழுக்க ஒவ்வொரு நாளும் உங்கள் கொழுந்தைத் தராசில் போட்டு நிறுத்தார்கள். கூடைக்கு, ஈரத்துக்கு என்று கழித்தும் நிறுத்தார்கள். உங்கள் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் மாதா மாதம் நிறுத்து அட்டையில் கோடு போட்டார்கள். அது நல்ல காரியம், எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியது. ஆனால் அறுபது வயதுக்குப் பிறகு நீங்கள் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புகிறீர்களா, ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா என்று எந்தத் தோட்டத்தில் யார் பார்த்தார்கள்? கிளினிக்குக்குப் போனால் பிரஷர் பார்க்கிறார்கள், சீனி பார்க்கிறார்கள், மாத்திரைப் பை தருகிறார்கள். "நடங்க அம்மா" என்று ஒரு சொல். எங்கே நடப்பது, எப்படி நடப்பது, முழங்கால் நோகும்போது என்ன செய்வது என்று சொல்ல அங்கே நேரம் இல்லை, வரிசை வெளியே பஸ் தரிப்பிடம் வரை நிற்கிறது. அந்த வைத்தியரைக் குறை சொல்வதிலும் பயன் இல்லை.

ஆகவே நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். அதற்கு முன், இது முடிகிற காரியமா என்ற சந்தேகத்தைத் தீர்க்கிறேன்.

1990இல் பொஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்குத் தொடைத் தசைக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எல்லோரும் நோயாளிகள், பலவீனமானவர்கள். எட்டு வாரம்தான். முடிவில் அவர்களின் தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது, அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். அந்த வயதில் தசை பலம் போடாது என்று நினைத்துக்கொண்டிருந்த பலரை அந்த ஆய்வு விழிக்க வைத்தது. உங்களில் மூத்தவருக்கு எண்பது இருக்குமா? அவர்களை விடப் பத்து வயது சின்னவர் நீங்கள்.

பொஸ்டன் தூரம் என்றால் முள்ளியவளைக்கு வாருங்கள். முல்லைத்தீவு மாவட்டத்தின் அந்த ஊரைச் சேர்ந்த அகிலத்திருநாயகி, எழுபது வயது தாண்டியவர், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் ஓட்டத்திலும் வேகநடையிலும் தங்கம் வாங்கி வந்தார். பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். யுத்தம் தின்ற மண்ணில் இருந்து போன அம்மா அவர். நீங்கள் மைதானத்தில் ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு பதக்கமும் வேண்டாம்.

அதைவிட, உங்களுக்கே தெரிந்த ஒன்று. உன்துவப் போயாவில் இருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறுகிறார்களே, இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலை வழி நீளமானது, கஷ்டமானது. அந்தப் பாதையில் எழுபது வயதுச் சிங்களக் கிழவிகள் வெள்ளைச் சேலை உடுத்தி, பொல்லை ஊன்றி, பாட்டுச் சொல்லிக்கொண்டு ஏறுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நம் ஆட்களும் அரோகரா சொல்லி ஏறியிருக்கிறார்கள். 2,243 மீற்றர் உயரம். அந்தக் கிழவிகளில் பலர் ஊரில் தினமும் வயல் வரம்பில் நடப்பவர்கள், விகாரைப் படி ஏறி இறங்குபவர்கள். பக்தி ஏற்றிவிடும் என்று சொல்வீர்கள். ஏற்றிவிடட்டும். ஆனால் பதினொரு மாதம் கதிரையில் இருந்துவிட்டு பன்னிரண்டாம் மாதம் பக்தியை மட்டும் நம்பிப் போனவர்கள் மறுநாள் எப்படி இறங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

2016 மே 17. அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மறுபடியும் கேகாலை மாவட்டம் உட்பட மலைநாடெங்கும் மண் சரிந்தது. நம் லயங்கள் எங்கே இருக்கின்றன? வெள்ளைக்காரன் மலையை வெட்டிச் சாய்வில் கட்டிய வரிசை. மேலே மண்மேடு, கீழே பள்ளம். பலத்த மழை பெய்யும்போதெல்லாம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். இரத்தினபுரி, கேகாலைப் பிரதேச செயலகப் பிரிவுகளின் பேர் அந்தப் பட்டியலில் வராத மழைக்காலம் இல்லை.

சிவப்பு என்று போனில் வரும்போது இரவு ஒரு மணி என்று வையுங்கள். கரண்ட் இல்லை. மழை. பாடசாலையோ கோவிலோ முக்கால் மைல் தூரம், வழி சேறு. மகன் கொழும்பில் கடையில், மகள் வெளிநாட்டில். வீட்டில் நீங்களும் மருமகளும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். மருமகள் ஒரு பிள்ளையைத் தூக்குவாள், இன்னொன்றைக் கையில் பிடிப்பாள். உங்களை யார் தூக்குவது? "என்னைய விட்டுட்டு நீங்க போங்க" என்று சொல்வீர்கள். சொன்னவர்களை எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால் எந்த மருமகளும் போகமாட்டாள், பேரன் அழுதுகொண்டு வாசலில் நிற்பான், போகவேண்டிய பத்து நிமிடம் அங்கேயே கரையும். நீங்கள் பாயில் இருந்து தனியே எழும்பி, செருப்பைப் போட்டு, பொல்லோடு முக்கால் மைல் நடக்கக்கூடியவராக இருந்தால் அந்த வீட்டில் எல்லோரும் பிழைப்பார்கள். மற்ற ஊர்களில் முதியவர்களை நடக்கச் சொல்வது ஆயுளுக்காக, அழகுக்காக. நம் மலைகளில் அது குடும்பத்துக்காக.

லயங்களை அந்தச் சரிவில் இருந்து எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் வீடும் காணியும் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை, கம்பனிகளின் கடமை. அந்தக் கோரிக்கையை ஒரு நாளும் விடக்கூடாது. நான் இதை எழுதுவதால் அந்தக் கடமை யாருக்கும் குறையவில்லை. ஆனால் அந்த வீடு வரும்வரை மழை காத்திருக்காது.

சரி, என்ன செய்வது? இரத்தினபுரி மழையில் வெளியே நடக்க முடியாத நாள்தான் அதிகம், ஆகவே பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள்ளேயே செய்யக்கூடியதில் இருந்து தொடங்குகிறேன்.

அந்தக் கதிரையையே எடுங்கள். பிளாஸ்டிக் கதிரை வழுக்கும், முதுகைச் சுவரோடு அண்டி வையுங்கள். முன்விளிம்பில் உட்காருங்கள். பாதம் இரண்டும் நிலத்தில் முழுதாகப் பதிய வேண்டும், முழங்காலை விடக் கொஞ்சம் உள்ளே. இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டுங்கள். உடம்பை முன்னால் சாய்த்து எழும்புங்கள், நேராக நில்லுங்கள், மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக்கூடாது, இறங்கும்போதுதான் தொடை நன்றாக வேலை செய்கிறது. பேரப்பிள்ளையைப் போனில் முப்பது செக்கன் பார்க்கச் சொல்லி எத்தனை தடவை எழும்பினீர்கள் என்று எண்ணுங்கள். எழுபது எழுபத்திநாலு வயதுப் பெண் பத்துத் தடவைக்குக் குறைவாக எழும்பினால், ஆண் பன்னிரண்டுக்குக் குறைவாக எழும்பினால், அவருக்கு விழும் ஆபத்து உண்டு என்று வைத்தியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அறுபது அறுபத்திநாலு வயதென்றால் பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதினாலு. ஒரு தடவைகூடக் கை ஊன்றாமல் முடியாதா? கை ஊன்றியே தொடங்குங்கள், அல்லது ஒரு தலையணையை மடித்துக் கதிரையில் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எட்டுத் தடவை, கொஞ்சம் இளைப்பாறி இன்னொரு எட்டு. ஒரு கிழமையில் மூன்று நாள். இரண்டு மாதத்தில் தலையணையை எடுத்துவிடலாம்.

பிறகு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி விரலில் நின்று இறங்குங்கள். உயரக் கிளைக்கு எட்டி நின்ற அதே நிலைதான், உங்கள் கால் அதை மறந்திருக்காது. பிறகு நிலையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். பத்து செக்கன் நிற்க வேண்டும். முதலில் மூன்று செக்கனில் ஆடும், சிரிப்பு வரும், பேரப்பிள்ளை உங்களைத் தோற்கடிக்கும். பரவாயில்லை. கைக்கு, ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் இரண்டில் தண்ணி நிரப்பிப் பக்கத்துக்கு ஒன்றாகத் தூக்கி இஸ்தோப்பில் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் நடங்கள். கூடை முதுகில் இழுத்தது. இது இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும், முதுகு நிமிரும்.

முழங்கால் வலிக்கிறவர்கள் இதையெல்லாம் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். தேய்ந்த முழங்காலுக்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியே முதல் வைத்தியம் என்றுதான் உலகம் முழுக்க வைத்திய வழிகாட்டிகள் சொல்கின்றன. இலேசான வலி வந்து மறுநாள் அடங்கினால் தொடருங்கள். முழங்கால் வீங்கினால், மறுநாள் வலி கூடினால், குறையுங்கள். நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, மூச்சு முட்டல் வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். இருதய வருத்தம் உள்ளவர்கள், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் அடுத்த கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பாதீர்கள். எழும்பும்போது எண்ணைச் சத்தமாகச் சொன்னால் மூச்சு தானாக வெளியே வரும்.

மழை விட்ட காலையில் நடங்கள். உலக சுகாதார நிறுவனம் அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குச் சொல்வது கிழமைக்கு ஆகக்குறைந்தது 150 நிமிடம் நடை போன்ற மிதமான உடலசைவு, அதோடு பலத்துக்கும் நிலைதடுமாறாமல் இருப்பதற்கும் பயிற்சி மூன்று நாள். 150 என்றால் பயப்படாதீர்கள், ஐந்து நாளைக்குப் பிரித்தால் நாளுக்கு அரை மணி, அதையும் காலை கால்மணி மாலை கால்மணி என்று உடைக்கலாம். மலைக்குள்ளே குறுக்குப்பாதையில் போக வேண்டாம், பாசிப்படி வேண்டாம்; தோட்டத்து ரோட்டிலேயே நடங்கள். தயவுசெய்து செருப்பைத் திருப்பிப் பாருங்கள். குதி தேய்ந்து கண்ணாடியாகிப்போன றப்பர் செருப்போடுதான் உங்களில் பாதிப்பேர் ஈரச் சீமெந்தில் நடக்கிறீர்கள். பிள்ளைகள் தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தருகிறேன் என்றால், இந்த வருடம் பின்பக்கம் வார் உள்ள, அடிப்பக்கம் பல்லு உள்ள செருப்புக் கேளுங்கள்.

நடையை விட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கும்மி. வட்டமாகச் சுற்றி, குனிந்து நிமிர்ந்து, ஒரு காலில் இருந்து மறுகாலுக்குப் பாரம் மாற்றிக் கை தட்டுவதில் முதியவர் உடம்புக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. சீனர்களின் தாய் ச்சி என்ற பயிற்சி முதியவர்கள் விழுவதைக் குறைக்கிறது என்று ஆய்வு ஆய்வாக எழுதியிருக்கிறார்கள். நம் கும்மியை யாராவது அப்படி அளந்தால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு ஆசை. காமன் கூத்தில் ரதியும் மதனும் ஆடிய தாத்தாமார் இன்னும் இருக்கிறீர்கள். தப்புச் சத்தம் கேட்டால் இப்போதும் கால் அசைகிறது, நான் பார்த்திருக்கிறேன். மாசி வரட்டும் என்று காத்திருக்காமல் கிழமைக்கு ஒரு பின்னேரம் ஆடிவிட்டுப் போங்கள். பிள்ளைகளும் பழகிக்கொள்ளும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று மட்டும். ரொட்டியும் சம்பலும் சீனி போட்ட தேத்தண்ணியும் தசை போடாது. உள்ளதில் பெரிய பங்கு பேரனுக்கு, மிச்சம் உங்களுக்கு என்று வைக்கிற பழக்கம் உங்களை உள்ளே இருந்து கரைக்கிறது. நாளுக்கு ஒரு முட்டை, அல்லது ஒரு பிடி நெத்தலி, கௌபியோ கடலையோ பயறோ அவித்தது, கெட்டியாகப் பருப்பு. வயதானவருக்குப் புரதம் இளையவரை விடக் கூடத்தான் வேண்டும். ஆண்களுக்கு இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: சம்பள நாள் இரவு படியில் விழுந்து இடுப்பு முறிந்தவர்களின் கதைக்குச் சாராயம் அல்லது கசிப்பு என்றுதான் தொடக்கம். இடுப்பு முறிந்து படுத்தவர் பழைய நடைக்குத் திரும்பியது நம் லயங்களில் அபூர்வம்.

பேர் எடுத்த பிறகும் கைக்காசுக்கும் நாட்டுத் தோட்டங்களுக்கும் கொழுந்து எடுக்கப் போகிறீர்களே, அதை நான் உடற்பயிற்சி என்று சொல்லி மெழுகப் போவதில்லை. எழுபது வயதில் ஒரு அம்மா வாடகை வேனில் ஏறி அடுத்த ஊருக்குக் கொழுந்து எடுக்கப் போவது இல்லாமையால். அப்படிப் போகிறவர்கள் கதிரைப் பயிற்சியைச் செய்யுங்கள், சுமையைப் பாதி பாதியாகத் தூக்குங்கள், மற்றதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மாயிமாருக்கும் அப்பாயிமாருக்கும் அதேதான். நாள் முழுக்க ஓய்வில்லை என்பீர்கள், உண்மை. ஆனால் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பதில் தொடைக்குப் பலம் ஏறாது. எட்டுத் தடவை எழும்பி உட்கார இரண்டு நிமிடம்கூட ஆகாது. உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

இவ்வளவையும் தனியாகச் செய்வீர்கள் என்று நான் நம்பவில்லை. பெரட்டும் கங்காணியும் இல்லாமல் நாம் யாரும் விடியற்காலை எதையும் செய்து பழகவில்லை. தனியாகத் தொடங்கியவர் மூன்றாம் கிழமை விட்டுவிடுவார், பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் கூப்பிடுவீர்கள். ஆகவே என் வேண்டுகோள் இதுதான்.

உங்கள் டிவிசனில் அறுபது தாண்டிய பத்துப் பேர் சேருங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அறுபது வயது தாண்டிய எல்லோருக்கும் உரியது, தோட்டத்துக்கு ஒரு சட்டம் நாட்டுக்கு ஒரு சட்டம் இல்லை. கிராம சேவகர் பிரிவுக்கு ஒரு முதியோர் சங்கம் அமைக்க இடம் இருக்கிறது. பல பிரிவுகளில் சங்கம் இருக்கிறது. ஆனால் கூட்டம் ஊரில் நடக்கிறது, சிங்களத்தில் நடக்கிறது, லயத்துக்குத் தகவல் வருவதில்லை. கிராம சேவகரிடம் போய்ச் சங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பேர் பதியுங்கள், நம் டிவிசனுக்கு என்று ஒரு கிளை கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்களே தொடங்குங்கள். சிங்களம் பேச ஆள் வேண்டுமா, உங்கள் பேத்தியைக் கூட்டிப் போங்கள். அவள் உங்களை விட நன்றாகப் பேசுவாள்.

கிழமைக்கு மூன்று காலை, கோவில் முற்றத்திலோ பிள்ளைக் காம்பரா முன்னாலோ கூடுங்கள். தண்ணிப் போத்தலும் ஒரு கதிரையும் கொண்டு வாருங்கள். ஒருவர் எண்ணட்டும், மற்றவர்கள் எழும்புங்கள். மாதம் ஒரு தடவை அந்த முப்பது செக்கன் கணக்கை ஒரு சீஆர் கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியை மருத்துவமாதுக்குக் காட்டுங்கள், கிளினிக் வைத்தியருக்குக் காட்டுங்கள். யார் எண்ணிக்கை குறைகிறது என்று அவர்கள் பார்க்கட்டும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் லயத்தில் இருந்து பாதுகாப்பு இடம் வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். எவ்வளவு நேரம் எடுக்கிறது, எந்தப் படியில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். நடக்கவே முடியாதவர்கள் யார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அவர்களைத் தூக்க எந்தப் பொடியன்மார் என்று அன்றைக்கே பேசிவிடலாம்.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர்மாரிடமும் தலைவிமாரிடமும் இரண்டே இரண்டு சாமான் கேளுங்கள். கக்கூசுப் படிக்கும் கோவில் படிக்கும் ஒரு கைப்பிடிக் குழாய், அந்தப் படியில் ஒரு லைட். சம்பளப் போராட்டத்தோடு ஒப்பிட்டால் இது சின்னக் காரியம் என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். நீங்கள் நாற்பது வருடம் சந்தா கட்டியிருக்கிறீர்கள்.

இந்தக் குழாயும் லைட்டும் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், தமிழிலும் சிங்களத்திலும். உங்கள் டிவிசன் பேர், சேர்ந்த பத்துப் பேரின் பேர், எந்தப் படி, எத்தனை அடி நீளக் குழாய் வேண்டும் என்று அளந்து பேரப்பிள்ளையிடம் எழுதி அனுப்புங்கள். கையெழுத்தோ கைநாட்டோ நீங்கள்தான் போட வேண்டும். தைப்பொங்கலுக்கு முன் அனுப்பினால் தென்மேல் பருவமழைக்கு முன் குழாய் பதிக்கச் சொல்லிக் கேட்க நமக்கு நாலு மாதம் இருக்கும்.

இப்படிக்கு,
எட்டியாந்தோட்டைப் பக்கம் லயத்தில் பிறந்து, வாத்தியார் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உங்கள் டீச்சர்